உடலியற் பேரறிஞர் ஷார்ல் ரிஷே

எல்லோர்க்கும் இனிதாகிய உணவு ஒருவர்க்கு மட்டும் இடராய் முடிவதை நாம் பலகாலும் காண்கிறோம். இறால் உண்ட சிறிது நேரத்துள் உடலெங்கும் தடிப்பெழுந்து அரிப்பால் வருந்துவோரும், முட்டை கலந்த பண்டத்தைச் சுவைத்த அளவிலே உதடு வீங்குவோரும் நம் சுற்றத்தாருள்ளேயே இருப்பர். நம் பாட்டிமார் இத்தகைய உணவுகள் சிலவற்றைக் கரப்பான் பண்டம் என்று பெயரிட்டு விலக்கி வைப்பர். தடிப்போடும் அரிப்போடும் நில்லாமல், மூச்சு அடைத்து, இரத்த அழுத்தம் குன்றி, ஒரு நாழிகைக்குள் உயிர் துறப்பாரும் உளர். அவர் உண்டது நஞ்சன்று, கெட்டுப்போனதும் அன்று, அருகில் அமர்ந்த தோழன் அதனையே உண்டு நலமாயிருக்கிறான். அப்படியாயின் குற்றம் உணவினிடத்ததா, உண்டவன் உடலினிடத்ததா? இவ்வினாவிற்கு விடை காணும் வழியை முதன்முதல் திறந்துவிட்டவர் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞராகிய ஷார்ல் ரிஷே என்பார். அவர் தேடியது வேறு, கண்டது வேறு என்பதே அவர் சரிதத்தில் நம் மனத்தை மிகவும் கவர்கின்றது.

ரிஷே 1850-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆல்பிரெட் ரிஷே, பாரிஸ் வைத்தியக் கல்லூரியில் அறுவை வைத்தியப் பேராசிரியராய்ப் புகழுடன் விளங்கியவர். மகனும் வைத்தியமே பயின்றார். எனினும் தந்தையின் கத்தி அவரைக் கவரவில்லை. நோயைத் தீர்ப்பதினும், உடல் எங்ஙனம் இயங்குகின்றது என்பதை அறிவதிலேயே அவர் உள்ளம் சென்றது. மாணவராயிருந்த காலத்திலேயே, ஒருவரை மற்றொருவர் துயில் போன்ற நிலைக்கு உட்படுத்தும் வித்தையைக் கண்டு வியந்து, 1875-இல் அதனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கற்றோர் பலர் அதனைக் கழைக்கூத்தர் வேலை என்று இகழ்ந்த காலம் அது. பிறர் நகைப்பார்களே என்று அஞ்சி ஒரு பொருளை ஆராயாது விடுதல் அவர் இயல்பன்று. இவ்வியல்பு அவர்க்கு ஆக்கமும் தந்தது, கேடும் தந்தது, இரண்டையும் கூறுவோம்.

1878-இல் இரைப்பை நீரைப் பற்றி ஆராய்ந்து அறிவியற் பட்டம் பெற்றார். உணவுக்குழாய் அடைபட்டமையால் வயிற்றிலேயே துளையிட்டு உணவூட்டப்பெற்ற ஒரு நோயாளியின் இரைப்பை நீரை எடுத்துச் சோதிக்கும் வாய்ப்பு அவர்க்குக் கிடைத்தது. 1887-இல் பாரிஸ் வைத்தியக் கல்லூரியில் உடலியற் பேராசிரியரானார். நெடுங்காலம் அப்பதவியிலேயே இருந்தார். நாய்க்கு வியர்வை பெரிதும் இல்லையே, அது வெயிலில் எவ்வாறு தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது என்னும் எளிய வினாவை எடுத்துக்கொண்டு, விரைந்து மூச்சிரைப்பதனாலேயே அது தன் உடலைக் குளிர்விக்கிறது என்று நிறுவினார். வாய் கட்டப்பெற்ற நாய் வெயிலில் வெம்பி வீழ்வதைக் கண்டு சொன்னவரும் அவரே. தெருவில் நாக்கைத் தொங்கவிட்டு நிற்கும் நாயை நாள்தோறும் காண்கின்ற நம்முள் எத்தனை பேர் இவ்வினாவை எழுப்பியிருக்கிறோம்!

1888-இல் ரிஷேயும் அவர் நண்பர் எரிக்கூர் என்பாரும் செய்த ஒரு சோதனை, பின்னர் நிகழ்ந்தவற்றை அறிய மிகவும் இன்றியமையாதது. ஒருவகை நுண்கிருமியால் நோயுற்றுத் தேறிய நாயின் இரத்தத்தை எடுத்து முயல்களுக்குச் செலுத்தினர். அந்த முயல்களுக்குப் பின்னர் அக்கிருமியை ஊட்டியபோது அவை பிழைத்தன. இரத்தம் பெறாத முயல்கள் மாண்டன. நோயை வென்ற உடலின் இரத்தத்தில் காக்கும் பொருளொன்று உண்டு என்பதும், அதனை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்றலாம் என்பதும் இதனால் விளங்கின. 1890 டிசம்பர் 6-ஆம் நாள் ரிஷே இம்முறையை மனிதரிடத்தும் செய்து பார்த்தார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட நோய் க்ஷயம். அஃது இம்முறைக்கு வசப்படவில்லை. அதே மாதத்தில் பெர்லின் நகரத்துப் பேரிங் என்பாரும் ஜப்பானியராகிய கிட்டசாட்டோவும் தொண்டை அடைப்பான், இசிவு என்னும் நோய்களில் இவ்வழியே வெற்றி கண்ட செய்தி வெளியாயிற்று. 1901-இல் முதன்முதல் வழங்கப்பெற்ற வைத்திய நோபெல் பரிசு பேரிங்கைச் சேர்ந்தது. வழி கண்டவர் ஒருவர், ஊர் சேர்ந்தவர் மற்றொருவர். நோயைத் தெரிந்தெடுத்ததில் உற்ற பிழையொன்றே ரிஷேக்குத் தடையாயிற்று என்பது நம் கருத்து.

இனிக் கடற்பயணத்திற்கு வருவோம். மொனாக்கோ நாட்டு அரசர் முதலாம் ஆல்பர்ட், கடலாராய்ச்சியில் பெருவிருப்பம் உடையவர். தம் சொந்தக் கப்பலை ஆய்வுக்கூடமாக்கி ஆண்டுதோறும் கடலிற் செல்பவர். 1901-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் அட்லாண்டிக் கடலிற் சென்றபோது ரிஷேயையும், இளைஞரான பால் போர்ட்டியே என்னும் உடலியல் அறிஞரையும் உடன் அழைத்துச் சென்றார். வெப்பக் கடல்களில் நீலக் குமிழிபோல் மிதந்து, நீண்ட இழைகளைக் கீழே தொங்கவிட்டுத் திரியும் பைசாலியா என்னும் உயிரின் நஞ்சை ஆராயுமாறு அரசரும் அவருடைய அறிஞர் ரிஷாரும் இவ்விருவரையும் தூண்டினர். நம் கரையோரத்துப் பரதவர் சொறி என்று கூறி அஞ்சும் உயிர்களுக்கு இஃது உறவானது. அதன் இழை பட்ட மாலுமிகள் தாங்கொணா நோவினால் துடிப்பது கண்கூடு. கப்பலிலேயே அந்நஞ்சை வடித்தெடுத்துப் புறா முதலிய உயிர்களுக்குச் செலுத்திப் பார்த்தனர்.

பாரிஸுக்குத் திரும்பிய பின் பைசாலியா கிடைக்கவில்லை. ஆகவே, அதுபோன்றே கொட்டும் இழைகளையுடையதும் பிரெஞ்சுக் கரைகளில் எளிதிற் கிடைப்பதுமான கடற்சாமந்தியை வரவழைத்து, கிளிசெரினில் ஊறவைத்து நஞ்சைப் பிரித்தனர். எவ்வளவு கொடுத்தால் நாய் இறக்கும் என்று அளந்தனர். மிகுதியாகப் பெற்ற நாய்கள் உடனே இறக்கவில்லை. சில நாட்கள் நோயுற்றிருந்து மாண்டன. குறைவாகப் பெற்றவை தேறின. தேறிய நாய்களை அவர்கள் விலக்காமல் வைத்துக்கொண்டனர். ஏன்? சிறிதளவு நஞ்சுண்டு தேறிய உடல் மறுமுறை அந்நஞ்சைத் தாங்கும் வலிமை பெற்றிருக்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. முயல்களைக் காத்த 1888-ஆம் ஆண்டுச் சோதனைக்குப் பின் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? அம்மை குத்துவதன் தத்துவமும் அதுவேயன்றோ?

அந்நாய்களுள் நெப்டியூன் என்னும் பெயருடையது நல்ல உடற்கட்டு வாய்ந்தது. 1902 ஜனவரியில் அதற்குச் சிறிதளவு நஞ்சு செலுத்தினர். யாதொரு தீங்கும் விளையவில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் கழிந்து, நாய் முழு நலத்தோடு துள்ளித் திரிந்த நிலையில், மீண்டும் சிறிதளவே செலுத்தினர். சில நொடிகளில் நாய்க்கு மூச்சுத் திணறிற்று, கால்கள் தள்ளாடின, ஒருபுறமாய்ச் சாய்ந்தது, குருதி கக்கிற்று, இருபத்தைந்து நிமிடங்களில் இறந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு நாய் எதிர்பாராது இறந்தால், மருந்தின் அளவில் பிழை நேர்ந்தது என்றோ, நாய்க்கு வேறு நோய் இருந்தது என்றோ எழுதிவைத்து மறுநாள் வேறொரு நாயைக் கொண்டுவருதல் எளிது. தாம் நிறுவ விரும்பிய கொள்கைக்கு நேர்மாறான சான்றை எவரும் விரும்பி வரவேற்பதில்லை. ரிஷேயும் போர்ட்டியேயும் அவ்வாறு தள்ளிவிடவில்லை. முன்னர்ச் செலுத்திய நஞ்சு உடலில் தங்கியிருந்து பின்னதனோடு சேர்ந்து கொன்றதோ என்று முதலில் ஐயுற்றனர். அங்ஙனமாயின், இடைவெளி குறையக் குறையத் தீங்கு மிகுதல் வேண்டும். நிகழ்ந்ததோ இதற்கு மாறு. இரண்டு மூன்று நாட்களுக்குள் மறுமுறை செலுத்தினால் நாய்க்கு ஒன்றும் நேரவில்லை. வாரங்கள் சென்ற பின் செலுத்தினாலே கேடு விளைந்தது. மேலும் முதல்முறை நஞ்சு நாட்கணக்கில் மெல்ல வருத்தியது. இரண்டாம் முறையோ நொடிக்கணக்கில் தாக்கியது. ஆதலின், கொன்றது நஞ்சின் மிகுதியன்று. இடைப்பட்ட நாட்களில் உடலே தன்னுள் ஏதோ ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறது. 1902 பிப்ரவரி 15-ஆம் நாள் பாரிஸ் உயிரியற் கழகத்தில் இருவரும் இதனை அறிவித்தனர்.

காப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லோடு மறுதலைப் பொருள் தரும் முன்னொட்டைக் கூட்டி, செவிக்கினிதாகச் சற்றே திரித்து, இந்நிலைக்கு அனாபிலாக்ஸிஸ் என்று ரிஷே பெயரிட்டார். எதிர்க்காப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் இக்காலத்து வைத்தியர் அப்பிறமொழிப் பெயரையே வழங்குகின்றனர்.

நஞ்சு இதற்கு வேண்டியதே இல்லை என்பது அடுத்த ஆண்டிலேயே புலப்பட்டது. 1903-இல் ஆர்த்தூஸ் என்னும் அறிஞர், நஞ்சற்ற குதிரை இரத்த ஊநீரை முயல்களுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி, ஊசி பட்ட இடம் புண்ணாதலைக் கண்டார். 1906-இல் வியன்னா நகரத்துப் பிர்க்கே என்பார், இத்தகைய மாறுபட்ட விளைவுகள் அனைத்திற்கும் பொதுவாக அலர்ஜி என்னும் சொல்லைப் படைத்தார். ரிஷே தம் ஆய்வை விடவில்லை. 1907-இல், எதிர்க்காப்பு நிலை எய்திய நாயின் இரத்தத்தை எடுத்து, அந்நஞ்சையே முன்னறியாத நாய்க்குச் செலுத்திப் பார்த்தார். இந்தப் புதிய நாயும் முதல்முறையிலேயே நஞ்சுக்கு அவ்வாறே துடித்தது. ஆகவே, கேடு செய்யும் பொருள் இரத்தத்திலே மிதக்கின்றது. முன்னர்க் காக்கும் பொருளைக் கண்ட அதே இடத்தில், அதே முறையால், அழிக்கும் பொருளையும் அவர் கண்டார். அப்பொருள் இன்னதென்று காட்டும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை. பெயர் மட்டும் ஒன்று கொடுத்து வைத்தார்.

பின்னர் அவர் நாட்டம் உணவின்பாற் சென்றது. அமெரிக்க வெப்ப நாடுகளில் வளரும் ஹூரா என்னும் மரத்தின் பாலில் உள்ள கிரெபிட்டின் என்னும் பொருளை நாய்களுக்கு உணவோடு ஊட்டி, ஊசியின்றி வாய்வழியே சென்ற பொருளாலும் எதிர்க்காப்பு உண்டாதலை 1911-இல் எடுத்துரைத்தார். பால், முட்டை, மீன் முதலியவற்றால் மக்கட்கு நேரும் விபரீதங்களை வெறும் அஜீரணம் என்று கருதிவந்த வைத்தியர்க்கு, இங்குதான் புதிய கண் திறந்தது.

1913-ஆம் ஆண்டு வைத்திய நோபெல் பரிசு ரிஷே ஒருவர்க்கே வழங்கப்பெற்றது. போர்ட்டியேக்குப் பங்கில்லை. நெப்டியூன் இறந்தபோது இருவரும் உடனிருந்தனர். கழகத்தில் அறிவித்தபோதும் இருவர் பெயரும் இருந்தன. பின்வந்த நீண்ட ஆராய்ச்சி ரிஷேயினுடையது என்பது உண்மையே. ஆயினும் இளையவர்க்கு உரிய பெருமை முழுதும் கிட்டிற்று என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ரிஷே ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். மனிதர் ஒவ்வொருவரும் நினைவாலும் குணத்தாலும் வேறுபடுதல் போலவே, உடலில் ஓடும் நீர்களின் சேர்க்கையாலும் வேறுபடுகின்றனர். ஒருவன் வாழ்நாளில் அவன் உடலிற் புகுந்த ஒவ்வொரு பொருளும் அழியாத அடையாளம் இட்டுச் செல்கின்றது என்பது அதன் சாரம். ஒரே பந்தியில் இருவர் உண்டு, ஒருவர் மட்டும் வீழ்வதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் அக்காலத்தில் இல்லை.

அவரது வாழ்க்கையின் பிற பகுதிகளையும் மறைத்தல் முறையன்று. நாடகமும் நாவலும் கதையும் எழுதினார்; அவற்றுட் சில புனைபெயரில் வந்தன. வானூர்தியில் ஆசை கொண்டு, பிரெகே சகோதரருடன் சேர்ந்து 1907-இல் நேரே மேலெழும் பொறியொன்று அமைப்பதற்குத் துணைநின்றார். அஃது ஆளையேற்றிக்கொண்டு தரையை விட்டுச் சிறிதே எழுந்தது. போர்களை வெறுத்து, நாடுகளிடையே சமாதானம் வேண்டிப் பேசியும் எழுதியும் வந்தார். இவை அவர்க்கு அணி. ஆவிகளோடு பேசுவதாகக் கூறுவோரை நம்பியதோ வேறு கதை. இருண்ட அறைகளில் திரைக்குப் பின் அமர்ந்து உருவங்களைத் தோற்றுவித்தவர்களை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1905-இல் லண்டனில் உள்ள ஆன்ம ஆராய்ச்சிச் சங்கத்திற்குத் தலைவராகவும் இருந்தார். அவர் மெய்யென்று கொண்ட காட்சிகளிற் பல ஏமாற்று வித்தைகளே எனப் பிறர் காட்டினர். இறந்த நாயின் முன் அத்தனை கூர்மையாய் நின்ற கண்கள் திரைக்குப் பின் இருந்தவரைக் காணாது போயின! நாய்க்கு ஏமாற்றத் தெரியாது, மனிதர்க்குத் தெரியும் என்பதை அவர் எண்ணவில்லை போலும்.

இதனினும் கொடிது அவர் 1919-இல் வெளியிட்ட மானிடத் தேர்வைப் பற்றிய நூல். பிறப்பிலேயே குறையுள்ள மக்களையும், தாம் தாழ்ந்தவை என்று கருதிய இனங்களையும் விலக்கி மனித குலத்தைத் திருத்தலாம் என்பது அதன் போக்கு. பிரெஞ்சு நாட்டில் அக்கொள்கை பரப்பும் சங்கத்திற்குத் தலைவராகவும் இருந்தார். ஒவ்வோர் உடலும் தனித்தன்மை உடையது என்று நோபெல் மேடையில் விளக்கியவர், மக்களை இனம் இனமாய்த் தரம் பிரிக்கத் துணிந்தது நமக்கு வருத்தமும் வியப்பும் தருகின்றது. அவர் மகனாரும் வைத்தியரே. இரண்டாம் உலகப்போரில், இனத் தூய்மை பேசிய நாஜிகளால் சிறைப்பட்டு புக்கன்வால்ட் முகாமில் துன்புற்று மீண்டார். தந்தை அதனைக் காண இருக்கவில்லை. 1935 டிசம்பர் 4-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில், பாரிஸிலேயே ரிஷே காலமானார்.

இரத்தத்தில் மிதப்பதாக அவர் உரைத்த பொருளின் வரலாற்றைக் கூறாவிடின் இச்சரிதம் நிறைவுறாது. 1921-இல் ஜெர்மானிய வைத்தியர் இருவர், பிரௌஸ்னிட்ஸும் கியூஸ்ட்னரும், தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினர். கியூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய இரத்த ஊநீரைச் சிறிது பிரௌஸ்னிட்ஸ் தம் தோலிற் செலுத்திக்கொண்டு, மறுநாள் அவ்விடத்தே மீன் சாற்றைக் குத்திக்கொள்ள, அங்கே தடிப்பெழுந்தது. ரிஷே நாயிடம் கண்டது மனிதனிடத்தும் உறுதியாயிற்று. 1966-இல் அமெரிக்காவிலிருந்த ஜப்பானிய அறிஞர் இஷிசாக்கா தம்பதியரும், அதனையடுத்து சுவீடனில் பென்னிச், யொஹான்சன் என்பாரும் அப்பொருளைத் தனித்தனியே பிடித்துக் காட்டினர். 1968-இல் இம்யுனோகுளோபுலின் ஈ என்னும் பெயர் அதற்கு நிலைபெற்றது. போர்ட்டியே 1962-இல் மறைந்தார். நான்காண்டுகள் கூடுதலாக இருந்திருப்பின் அவரேனும் அதனைக் கண்டிருப்பார்.

இவ்வெதிர்ப்பொருள் இரத்தத்தில் மிக நுண்ணிய அளவினது. இஃது உடலெங்கும் தோலிலும் குடலிலும் மூச்சுக்குழலிலும் காவலிருக்கும் மாஸ்ட் உயிரணுக்களின் மேல் சென்று அமர்கின்றது. ஆகாத உணவின் புரதம் வந்து தொட்டவுடன், அவ்வணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடுகின்றன. நெப்டியூன் துடித்ததற்கும், உணவு ஒவ்வாத சிறுவன் மூச்சடைத்து வீழ்வதற்கும் இதுபோன்ற கொட்டுதலே காரணம். இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளைப் பற்றிச் செயலறச் செய்யும் ஒமலிஸுமாப் என்னும் மருந்தை, அறியாது சிறிதளவு உண்டுவிட்டால் நேரும் தீங்கைக் குறைக்கும் பொருட்டு, 2024-இல் அமெரிக்க அரசு உணவு ஒவ்வாமைக்கும் இசைவளித்தது. ஆனால் மருந்தை நிறுத்தினால் பழைய நிலை மீளும். ஊற்றை அடைக்காது நீரை இறைத்தால் கிணறு வற்றுமோ?

ஊற்று எங்குளது? எதிர்ப்பொருளைச் சுரப்பவை பிளாஸ்மா உயிரணுக்கள். இவற்றுட் சில எலும்பு மச்சையில் ஒதுங்கி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, ஆகாத உணவை உண்ணாதபோதும் அவ்வெதிர்ப்பொருளையே ஓயாது சுரந்துகொண்டிருக்கும். 2023 டிசம்பரில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வொன்று இவற்றையே குறிவைத்தது. மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கென அமைந்த மருந்தின் இனத்ததான, இருமுனையுள்ள எதிர்ப்பொருள் ஒன்றை அவர்கள் கையாண்டனர். அதன் ஒரு முனை பிளாஸ்மா உயிரணுவைப் பற்றும். மறுமுனை உடலின் கொல்படையாகிய டி உயிரணுவைப் பற்றும். இரண்டும் நெருங்க, பிளாஸ்மா உயிரணு மாயும். எலிகளிடத்தும் குரங்குகளிடத்தும் செய்த சோதனையில் ஒவ்வாமை எதிர்ப்பொருள் விரைவில் குன்றியது. ஆனால் இம்மருந்து நல்லது தீயது அறியாது. அம்மை முதலிய நோய்களிலிருந்து காக்கும் எதிர்ப்பொருள்களைச் சுரப்பனவும் அதற்கு இரையாகின்றன. சிறிது காலத்தில் புதிய பிளாஸ்மா உயிரணுக்கள் தோன்ற, ஒவ்வாமை எதிர்ப்பொருளும் உடன் திரும்பியது. எனவே, அவ்வகையை மட்டும் புதிதாகத் தோன்றவொட்டாமல் தடுக்கும் இரண்டாம் மருந்தொன்றையும் கூட்டினர். முதல் மருந்தைச் சிலகாலமே கொடுத்து நிறுத்தி, இரண்டாவதைத் தொடர்ந்தபோது, காக்கும் எதிர்ப்பொருள்கள் மீண்டன. ஒவ்வாமை எதிர்ப்பொருள் மீளவில்லை.

விலங்குகளிற் பெற்ற இவ்வெற்றி மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளுதல் கூடாது. காப்பு குன்றிய அந்த இடைக்காலத்தில் நோய் தொற்றினால் என் செய்வது என்பது, குழந்தைகளைப் பொறுத்தவரை, எளிதில் விடையிறுக்கத்தக்க வினாவன்று. உணவு ஒவ்வாமையுடையார் இன்றும் உண்ணும் பண்டத்தின் சேர்க்கையை உசாவி அறிந்தும், கடியநிலை நேர்ந்தால் தொடையிற் குத்தி உயிர் காக்கும் அட்ரினலின் மருந்தைக் கையிலே வைத்துக்கொண்டுமே நடமாடுகின்றனர்.